பாட்டனாரினும் மூத்த மீன்

1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டு உணவுச்சாலைகளிலே புதியதொரு மீன் திடீரெனப் பெயர் பெற்றது. வெள்ளை வெளேரென்ற தசை. முள் நீக்கிய துண்டு. வெடுக்கு நாற்றம் சிறிதும் இல்லை. மீன் என்றாலே மூக்கைச் சுளிப்பவர்களும் அதனை விரும்பி உண்டனர். உறையவைத்துப் பல்லாயிரம் மைல் கடந்து கொண்டுவந்தாலும் சுவை கெடாத மீன் அது. ஆனால் அவ்வாறு உண்டவர்கள், தம் தட்டில் இருந்த மீன் தம்முடைய பாட்டனாரினும் மூத்ததாக இருக்கக்கூடும் என்பதை அறியார். அதனைப் பிடித்துக் கொணர்ந்தவர்களும் அறியார். ஆண்டொன்றுக்கு இவ்வளவு பிடிக்கலாம் என்று விதி வகுத்த அரசாங்கத்தாரும் அன்று அறியார். ஒரு மீனின் வயதை அறியாமற்போனதால் விளைந்தது என்ன என்பதே இம்மீனின் வரலாறு.

அதன் பெயர் ஒறேஞ்சு றஃபி. விஞ்ஞானிகள் ஹொப்லஸ்தேத்தஸ் அத்திலாந்திக்கஸ் என வழங்குவர். மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் அல்பேர்ட் கடலாராய்ச்சியில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 'இரோந்தெல்' என்னும் தம் கப்பலில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஆழங்களைத் துழாவியவர். அந்தப் பயணங்களிற் கிடைத்த மீன்களை ஆராய்ந்த நோர்வே நாட்டு விலங்கியலறிஞர் றொபேர்ட் கொலெற், 1889ஆம் ஆண்டில் இம்மீனை முதன்முதலாக விவரித்துப் பெயரிட்டார். அசோர்ஸ் தீவுகளை அடுத்த கடலிற் கிடைத்த மீன் அது. அதன் பின்னர் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இம்மீனைப் பற்றி உலகம் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை. நூதனசாலைச் சாடிகளிலே சில மீன்கள் கிடந்தன, அவ்வளவே.

இது சேர்ந்த குடும்பத்திற்கு ஆங்கிலத்தில் 'சளித்தலையர்' என்று பொருள்படும் ஒரு பெயருண்டு. தலை முழுதும் எலும்பு வரப்புகளும், அவற்றினிடையே சளி நிறைந்த குழிகளும் இருத்தலே அதற்குக் காரணம். இருளில் அருகே அசையும் இரையின் சிற்றதிர்வையும் இக்குழிகளின் வழியே மீன் உணர்ந்துகொள்கிறது. இயற்கை தந்த இவ்வரிய கருவிக்கு மனிதன் இட்ட பெயர் சளித்தலை! இப்பெயரைக் கடைவாயிலில் எழுதி வைத்தால் வாங்குவார் யார்? ஆதலின் வாணிகம் தொடங்கியபோது நிறத்தைக் குறிக்கும் இனிய பெயரே முன்னுக்கு வந்தது. அந்த நிறமும் உயிரோடு இருக்கும்போது உள்ள நிறமன்று. கடலினுள் அது செங்கல்லைப்போற் சிவந்திருக்கும். இறந்த பின்னரே மங்கித் தோடம்பழ நிறம் பெறும்.

இம்மீன் வாழும் இடத்தைச் சிறிது கற்பனை செய்து பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் 700 மீற்றர் முதல் 1,400 மீற்றர் வரையுள்ள ஆழமே அதன் உறைவிடம். கடற்றொழிலாளர் பாகக் கணக்கிற் சொல்வதானால், ஏறக்குறைய நானூறு பாகம் முதல் எழுந்நூற்றைம்பது பாகம் வரை. பகலவன் ஒளி அங்கே எட்டுவதில்லை. நீரின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் நூறு மடங்கு. வெப்பநிலை, கோடையாயினும் மாரியாயினும், நாலு முதல் ஏழு பாகை சதமவளவில் நிற்கும். அத்தகைய இடத்தில் வாழும் மீனுக்குச் செந்நிறம் எதற்கு என்று கேட்கலாம். சூரிய ஒளியிலுள்ள சிவப்புக் கதிர்களை நீர் முதலிலேயே விழுங்கிவிடுகிறது. சிவப்பு ஒளி இல்லாத இடத்திற் சிவந்த பொருள் கறுப்பாகவே தோன்றும். ஆகவே நம் கண்ணைப் பறிக்கும் அந்நிறம் ஆழ்கடலிலே மறைந்துகொள்ளும் போர்வையாகிறது. அதன் வாயின் உட்புறமோ நீலம் பாய்ந்த கருமை. ஆழத்து இறால்களும் சிறுமீன்களும் பல ஒளி வீசுவன. விழுங்கிய இரையின் ஒளி வெளியே தெரியாதிருக்கவே பல ஆழ்கடல் மீன்களின் உள்வாய் கறுத்திருக்கிறது எனக் கருதுவர்.

ஆழ்கடல் மீன் என்றவுடன் பெரிய வாயும் தொளதொளத்த உடலும் கொண்ட விகாரமான உருவமே பலர் மனத்தில் எழும். உணவு அரிதான இடத்திற் பெரும்பாலான மீன்கள் சோம்பிக் கிடந்தே உயிர் பிழைக்கின்றன. அவற்றின் தசையும் நீர் கோத்ததுபோல் இளகியிருக்கும். ஒறேஞ்சு றஃபி அவ்வாறன்று. அதன் தசை உறுதியானது. அவ்வுறுதிக்குக் காரணம் அது தேர்ந்துகொண்ட உறைவிடம்.

கடலின் அடி சமதளம் என்று எண்ணுவது தவறு. அங்கும் மலைகள் உண்டு. பெரும்பாலானவை என்றோ கனன்று அவிந்த எரிமலைகள். அடியிலிருந்து பல நூறு மீற்றர் உயர்ந்தும், கடல் மட்டத்தை எட்டாமல் இருளிலேயே நிற்கின்றன. கடலடியில் ஊர்ந்து வரும் நீரோட்டம் இம்மலைகளில் மோதும்போது வேகங்கொண்டு, சரிவுகளைச் சுற்றி விரைந்து செல்கிறது. வழியெங்கும் இறாலையும் கணவாயையும் சிறுமீனையும் அள்ளிக்கொண்டு வருகிறது. ஒறேஞ்சு றஃபி மலைச் சரிவிலே ஓட்டத்தை எதிர்த்து நின்று, வருவதை வாயேந்திப் பெறுகிறது. உணவைத் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால் நின்ற இடத்தில் நிற்பதற்கே இடைவிடாது நீந்தவேண்டும். உண்பதன் பெரும் பகுதி அம்முயற்சியிலேயே செலவாகிறது. உடல் வளர்வதற்கும் முட்டை ஈனுவதற்கும் எஞ்சுவது சிறிதே.

அதே மலைகளில், அதே ஓட்டத்தை நம்பி, வேறு உயிர்களும் வாழ்கின்றன. நம் கரையோரங்களில் உள்ளவற்றைப் போன்ற முருகைகள் வெதுவெதுப்பும் வெயிலும் வேண்டுபவை. ஆழ்கடல் முருகைக்கு வெயில் வேண்டா. ஓட்டம் கொணரும் உணவுத் துணுக்குகளே போதும். தஸ்மேனியாவுக்குத் தெற்கேயுள்ள கடலடிமலைகளில் இத்தகைய முருகைகள் காடுபோல் அடர்ந்திருக்கின்றன. உடுமீன்களும் நண்டுகளும் கடற்பஞ்சுகளும் அக்காட்டினுள் ஒதுங்கி வாழ்கின்றன. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே ஓங்கும் அந்த முருகைக் காடு இன்றைய நிலையை அடைய எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்திருக்கும்.

மீனின் உடலமைப்பில் மற்றொரு விந்தையும் உண்டு. பல மீன்கள் மிதப்பதற்கு வயிற்றினுள் ஒரு காற்றுப்பை வைத்திருக்கும். முதிர்ந்த ஒறேஞ்சு றஃபியின் பையில் காற்று இல்லை. மெழுகுத்தன்மையுள்ள எண்ணெயே நிறைந்திருக்கிறது. காற்றாயின் அமுக்கத்தில் நசுங்கும்; மெழுகெண்ணெய் நசுங்காது. தோலின் அடியிலும் இவ்வெண்ணெய் ஒரு படையாக உண்டு. மனித வயிற்றுக்கு அது சீரணமாவதில்லை. ஆகவே தொழிற்சாலையிலே தோலை ஆழமாகச் சீவி எறிந்துவிட்டே துண்டுகளைப் பொதி செய்வர். அந்தப் படையிலிருந்து எடுத்த எண்ணெய், முன்னர் திமிங்கிலத்தைக் கொன்று பெற்ற எண்ணெய்க்குப் பதிலாகச் சில பூச்சுப் பொருள்களிற் பயன்பட்டது.

இனி, மீன்பிடி தொடங்கிய வரலாற்றுக்கு வருவோம். 1978ஆம் ஆண்டு முதல் நியூசிலாந்து தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள கடலைத் தன் பொருளாதார எல்லையாக்கிக்கொண்டது. அந்நாட்டின் கிழக்கே சாதம் மேடு என வழங்கும் நீண்ட கடலடி மேட்டிலே, 1979 முதல் ஒறேஞ்சு றஃபி பெருந்தொழிலாகப் பிடிக்கப்பட்டது. கப்பலில் உள்ள எதிரொலிமானி கடலடிக்கு ஒலி அனுப்பி, அது திரும்பும் நேரத்தால் ஆழத்தைக் காட்டும். மலையுச்சியின் மேலே புகைபோல ஒரு நிழல் அதிற் படிந்தால், அது மீன் திரள் என்பது விரைவிற் புரிந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை, அந்நாட்டுக் குளிர்காலமாகிய ஆடியை ஒட்டிய மாதங்களில், இம்மீன்கள் முட்டையிடுவதற்காகக் குறிப்பிட்ட சில மலைகளிலே வந்து குவிகின்றன. அக்காலத்தில் ஒரே இழுப்பில், சில நிமிடத்திற்குள்ளேயே, பத்துக்கணக்கான தொன் மீனால் வலை நிறைந்தது. ஒரு கிலோமீற்றர் ஆழத்திலுள்ள மலையுச்சியை நோக்கி மேலிருந்து வலையைக் குறி தவறாமல் இறக்குவது சாமானியத் திறமையன்று. அதைச் செய்த மாலுமிகளின் கைவன்மையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

1980களின் இறுதியில் நியூசிலாந்து மட்டும் ஆண்டொன்றுக்கு 50,000 தொன்னுக்கு மேற் பிடித்தது. 1989இல் தஸ்மேனியாவின் கிழக்கே சென் எலன்ஸ் குன்று என்னும் ஒரேயொரு கடலடிமலையில் முட்டையிடும் பெருந்திரள் கண்டுபிடிக்கப்பட்டது. அவுஸ்திரேலியக் கப்பல்கள் அங்கே விரைந்தன. கரையிலுள்ள பதனிடும் சாலைகள் வந்து குவிந்த மீனைத் தாங்கமாட்டாமல் திணறின.

இவ்வளவையும் அனுமதித்தவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். நியூசிலாந்து 1986இல் கோட்டா முறையை ஏற்படுத்திற்று. அக்காலத்தில் அது உலகுக்கே முன்மாதிரியாகப் போற்றப்பட்ட முறை. கணக்கின் அடிப்படையில்தான் பிழை இருந்தது. ஏனைய மீன்களைப்போல இதுவும் சில ஆண்டுகளிலேயே முதிர்ந்து இனம் பெருக்கும் என்று கொண்டே கணக்கிட்டனர். பணம் போட்டவர் வட்டியை எடுத்தால் முதல் குறையாது. அதுபோல ஆண்டுதோறும் பெருகும் அளவை மட்டும் பிடித்தால் மீன்வளம் குறையாது. ஆனால் வட்டி வீதம் என்ன என்பது தெரியவேண்டுமே! அதனைத் தீர்மானிப்பது மீனின் வயது.

மீனின் வயதை எவ்வாறு காண்பது? பன்னா மீனின் தலையைப் பிளந்து சமைப்பவர்கள் அதனுள்ளே இரண்டு வெண்கற்கள் இருப்பதை அறிவர். அவையே செவிக்கற்கள். மீனின் உடல் சமநிலைக்கும் கேள்விக்கும் அவை உதவுகின்றன. மரத்தின் அடியில் ஆண்டுக்கொரு வளையம் தோன்றுவதுபோல இக்கல்லிலும் தோன்றும். ஒறேஞ்சு றஃபியின் கல்லை மேற்புறமாக நோக்கி எண்ணியவர்களுக்குச் சில வளையங்களே தெரிந்தன. மீன் முதுமையடைந்தபின் இக்கல் அகலத்திற் பெருகாமல் உட்புறமாகத் தடிக்கிறது. பிற்கால வளையங்கள் மேலிருந்து நோக்குவார்க்குத் தெரியா. கல்லை மெல்லிய சீவலாக அரிந்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோதே, நெருங்கி அடுக்கிய வளையங்கள் நூற்றுக்கு மேலும் வெளிப்பட்டன.

இத்தனை மெல்லிய வரைகள் உண்மையில் ஆண்டு வளையங்கள்தாமா என்ற ஐயம் எழுந்தது நியாயமே. அதனைத் தீர்த்தது கதிர்வீச்சு விஞ்ஞானம். கடல் நீரில் மிகச் சிறு அளவில் ரேடியம் உண்டு. மீன் குஞ்சாக இருக்கும்போதே அதில் ஒரு துளி செவிக்கல்லின் நடுவிற் சிறைப்படுகிறது. அந்த ரேடியம் படிப்படியாகச் சிதைந்து, ஈயத்தின் ஒரு வகையாக மாறிக்கொண்டிருக்கும். அவ்வகை ஈயத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 22 ஆண்டு. ஆகவே கல்லின் நடுவில் ரேடியம் எவ்வளவு, அதிலிருந்து பிறந்த ஈயம் எவ்வளவு என்று அளந்தால், கல் உருவாகிக் கழிந்த காலம் கணக்கில் வந்துவிடும். தஸ்மேனியாவில் குவென் ஃபென்ரன் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் இம்முறையைக் கையாண்டு, 1991இல் தம் முடிவை வெளியிட்டனர். 40 சதமமீற்றரை எட்டாத மீன்களும் 77 முதல் 149 வயது வரை உடையனவாகக் காணப்பட்டன. மீன்பிடித் தொழிலினர் பலர் இதை நம்ப மறுத்தனர். விஞ்ஞானிகளுள்ளும் வாதம் நீடித்தது. ஆயினும் பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் இம்முடிவையே வலியுறுத்தின. 200 வயதைக் கடந்த மீன்களும் பின்னாளில் அறியப்பட்டன.

இதன் பொருளைச் சற்றே நிதானித்துப் பார்க்கவேண்டும். இம்மீன் ஏறக்குறைய 30 வயதில், ஒரு சாணை விடச் சிறிது கூடிய நீளத்தில், முதிர்ச்சி அடைகிறது. அதன்பின் வளர்ச்சி மிக மெல்லிது. ஆகவே முழமளவு மீன் நாற்பது வயதினதாகவும் இருக்கலாம். நூற்று நாற்பது வயதினதாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கொட் மீன் இலட்சம் இலட்சமாக முட்டையிட, ஒறேஞ்சு றஃபி இடுபவை சில பத்தாயிரமே. ஒவ்வோராண்டும் எல்லாத் தாய்மீன்களும் இடுவதுமில்லை. கருவுற்ற முட்டைகள் மேலெழுந்து மிதந்து, பொரிக்கும் தறுவாயில் மீண்டும் ஆழம் நோக்கி அமிழ்கின்றன. அவற்றுள் எத்தனை தப்பும் என்பது ஆண்டுக்காண்டு வேறுபடும். பல ஆண்டு பலன் குறைந்தாலும் ஏதோ ஒரு நல்ல ஆண்டு அதனை ஈடுசெய்துவிடும். நூறாண்டு வாழும் உயிருக்குக் காத்திருக்க நேரமுண்டு. முதிர்ந்த மீன்கள் அழியாது இருக்கும்வரை அவ்வுபாயம் பலித்தது. 1979ஆம் ஆண்டின் முதல் வலைகளில் ஏறிய முதுமீன்களிற் பல, கொலெற் தம் குறிப்பை எழுதிய 1889இலேயே கடலில் இருந்தவை.

உண்மை தெரிந்தபோது பெரும்பகுதி பிடித்தாகிவிட்டது. நியூசிலாந்து அரசாங்கம் கோட்டாக்களை நிலையான தொன் அளவில் வழங்கியிருந்தது. குறைப்பதானால் உரிமையாளரிடமிருந்து பணங்கொடுத்துத் திரும்ப வாங்கவேண்டும். அது தாங்காச் செலவாகவே, 1990இல் சட்டத்தை மாற்றி, மொத்தப் பிடியின் வீதமாகக் கோட்டாவை ஆக்கிற்று. மேற்கேயுள்ள சலஞ்சர் மேட்டில் தொடக்கத்தில் இருந்த திரளின் மிகச் சிறிய பங்கே எஞ்சியதாக மதிப்பிடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் அங்கு மீன்பிடி நிறுத்தப்பட்டது. அவுஸ்திரேலியா 2006இல் இம்மீனைப் பாதுகாப்புக்குரிய இனங்களின் பட்டியலிற் சேர்த்தது. தொழிலுக்காகப் பிடிக்கப்பட்ட மீன் ஒன்று அந்நாட்டில் அவ்வாறு சேர்க்கப்பட்டது அதுவே முதன்முறை.

ஒரு கடலிற் கற்ற பாடம் மறு கடலிற் பயன்பட்டதா என்றால், அதுவும் இல்லை. 1990களில் நமீபியாவிலும், அயர்லாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் மேற்கிலும் இதே கதை நடந்தது. நமது இந்து சமுத்திரத்தின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குத் தெற்கேயுள்ள கடலடி மலைத்தொடரில், 1999ஐ அடுத்து இம்மீன் இருப்பது வெளியானதும் பல நாட்டுக் கப்பல்கள் குவிந்தன. எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத பெருங்கடல் அது, கேட்பாரில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே திரள்கள் மெலிந்து, பெரும்பாலான கப்பல்கள் வந்த வழியே சென்றன.

மீனுக்கு நேர்ந்ததை விட அதன் உறைவிடத்திற்கு நேர்ந்தது கொடிது. மலைமீது இழுக்கப்படும் வலை, பாறையிற் சிக்காதிருக்கக் கனத்த உருளைகள் பூட்டப்பட்டது. தொடக்கக் காலத்தில் மீனோடு தொன்கணக்கான முருகையும் வலையில் வந்தது. பின்னர் வருவது குறைந்தது. வலை திருந்தியதாலன்று, முருகை தீர்ந்ததால். தஸ்மேனியாவின் தெற்கே 1997இல் ஆராய்ந்தவர்கள், அதிகம் வலையிழுத்த மலைகளில் வெறும் பாறையையும், வலைபடாத ஆழ்ந்த மலைகளில் அடர்ந்த முருகைக் காட்டையும் கண்டனர். 1999இல் அங்கே ஒரு காப்பகம் ஏற்பட்டது. நியூசிலாந்து 2001இல் 19 கடலடிமலைகளில் வலையிழுப்பதைத் தடை செய்தது. அவற்றில் ஒன்றை 2015இல் மீண்டும் சென்று படம்பிடித்தபோதும், மீட்சியின் அறிகுறி மிகச் சிறிதே தென்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் தன் கடலில் 800 மீற்றருக்குக் கீழே அடிவலை இழுப்பதை விலக்கிற்று.

எனினும் முற்றிலும் இருண்ட செய்தியாகவே இதனை முடித்துவிடுவதும் பொருந்தாது. சலஞ்சர் மேட்டில் 2010இலும், தஸ்மேனியாவின் கிழக்கே 2015இலும், சிறு அளவில் மீன்பிடி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. முட்டையிடும் திரள்கள் ஓரளவு பெருகியிருந்தன. 2016இல் நியூசிலாந்தின் மூன்று மீன்வளங்கள் 'நன்கு பேணப்படுபவை' என்ற சருவதேசச் சான்றிதழையும் பெற்றன. இயற்கைப் பாதுகாப்பாளர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். இரு தரப்பாரின் வாதத்திலும் அடியில் இருப்பது அதே வயதுக் கணக்குத்தான். 2010ஐ ஒட்டி மலைகளுக்கு முட்டையிட வந்து சேர்ந்த இளமீன்கள், 1980ஐ ஒட்டிப் பொரித்தவை. முதுமீன்கள் இன்னும் ஏராளமாக இருந்த காலத்துப் பிள்ளைகள். தாய்த்திரள்கள் மிக மெலிந்து கிடந்த 1990களிற் பொரித்தவை இப்பொழுதுதான் முதன்முறையாக அம்மலைகளை நாடி வரத் தொடங்குகின்றன. அவை எத்தனை என்பதை எதிரொலிமானி இனி வரும் ஆடி மாதங்களிற் காட்டும்.